பயங்கரவாதத் தடுப்பைக் கண்காணிக்க நாடாளுமன்றக் குழு: வரைவிலேயே சறுக்கும் இடங்கள்

பெரிய தாக்குதல் ஒன்று நடந்தால் போதும், அடுத்த கூட்டத்தொடரில் உள்நாட்டுப் பாதுகாப்பைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்று தீர்மானம் வந்துவிடும். அந்த வரைவுகளை அடுக்கி வைத்துப் படித்தால் நாடு வேறு, எழுதியவர் வேறு, சறுக்கும் உட்பிரிவு மட்டும் ஒன்றாகவே இருக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒருகாலத்தில் எழுதித் தொலைத்த வாசகங்கள்தான் அவை. எதிர்க்கட்சிக்கு இடம், குறைவெண் வரம்பு (கோரம்), ரகசியக் காப்புறுதிமொழி போன்றவற்றை யாரும் மறப்பதில்லை, அவற்றை விட்டுவிடுவோம்.

அமைப்புகளின் பெயரைப் பட்டியல் போடுவது

"பின்வரும் மூன்று அமைப்புகளை இக்குழு கண்காணிக்கும்" என்று எழுதினால், நான்காவது அமைப்பு பிறந்த அன்றே குழுவின் கைக்கு வெளியே போய்விடும். பயங்கரவாதத் தடுப்புப் பணி உளவுத்துறையில் மட்டும் நடப்பதில்லை. காவல்துறைச் சிறப்புப் பிரிவு, எல்லைக் காவல், சுங்கம், பணப்பரிமாற்றக் கண்காணிப்பு, சிறைத்துறை, ஒப்பந்த நிறுவனங்கள் என்று அது பரவிக் கிடக்கிறது. ஆகவே செயலைச் சொல்லி எழுதுங்கள்: தகவல் திரட்டல், பகுப்பாய்வு, தகவல் பகிர்வு, தடுப்புக்காவல், சொத்து முடக்கம் ஆகியவற்றை எந்த அமைப்பு செய்தாலும் குழு பார்க்கலாம். கனடாவின் 2017 சட்டம் அப்படித்தான் போகிறது. எந்தத் துறையாக இருந்தாலும், தேசப் பாதுகாப்பு தொடர்பான அதன் செயல் குழுவின் வரம்புக்குள் வரும். அதே சட்டம் நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கைகளில் அமைச்சருக்கு ஒரு தடைக்கதவையும் வைத்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இதன் மறுபக்கம் பழைய குழுக்கள். அமெரிக்காவில் 22 அமைப்புகளைச் சேர்த்து 2003 மார்ச்சில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இயங்கத் தொடங்கியது. அந்த ஒரே துறை நாடாளுமன்றத்தின் 88 குழுக்களுக்கும் துணைக்குழுக்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்ததாக 9/11 விசாரணை ஆணையத்தின் 2004 அறிக்கை பதிவு செய்தது. பிரதிநிதிகள் சபை 2005-ல் நிரந்தரக் குழு அமைத்தது. ஆனாலும் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நீதித்துறைக் குழுவிடமே தங்கிவிட்டது. தன் கையிலிருக்கும் பொருளை எந்தக் குழுத் தலைவரும் தானாக விட்டுக் கொடுப்பதில்லை. எனவே புதிய குழுவை உருவாக்கும் அதே தீர்மானத்திலேயே பழைய குழுக்களின் விதிகளையும் திருத்துங்கள். எந்தப் பொருள் எந்தக் குழுவிலிருந்து நீக்கப்படுகிறது என்று அட்டவணையில் வரி வரியாகப் போடுங்கள். அது முடியாது என்றால் அமெரிக்க மேலவையான செனட் 1976-ல் செய்தது இரண்டாவது வழி: புலனாய்வுக் குழுவின் 15 இடங்களில் 8 இடங்களை நிதி ஒதுக்கீடு, படைத்துறை, வெளியுறவு, நீதித்துறை ஆகிய நான்கு குழுக்களுக்கும் தலா இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சண்டை வெளியே நடப்பதைவிட உள்ளே நடப்பது நல்லது.

"குழு கோரினால் வழங்கப்படும்"

மற்றத் தவறுகளைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இது குழுவையே வெறும் கடிதப் போக்குவரத்து அலுவலகமாக்கிவிடும். ஆனாலும் ஒவ்வொரு வரைவிலும் இதே வாசகம் வந்து நிற்கிறது: "குழு கோரும் ஆவணங்களை அமைச்சர் வழங்குவார், தேசப் பாதுகாப்புக்குக் குந்தகம் எனக் கருதினால் மறுக்கலாம்." படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. உள்ளே நான்கு ஓட்டைகள்.

முதல் ஓட்டை, கோருவதற்கு முன் அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். கோப்பின் பெயரே குறியீட்டுச் சொல்லாக இருக்கும் இடத்தில் எதைக் கேட்பது? அமைப்பே வந்து சொல்ல வேண்டிய கடமையைச் சட்டத்தில் வையுங்கள். புதிய திட்டங்கள், சட்டத்துக்கு எடுத்துக்கொண்ட புதிய பொருள்விளக்கம், வெளிநாட்டு அமைப்புகளுடன் செய்த உடன்பாடுகள், தகவலாளி செய்த குற்றங்கள், ஆள் மாறிப் பிடித்தது போன்ற பிழைகள் என்று வகைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோப்புகளின் அட்டவணை குழுவுக்கு வரவேண்டும். உள்ளடக்கம் இல்லாவிட்டாலும் தலைப்பு, தொடங்கிய நாள், பொறுப்பு அலுவலகம் இருந்தால் போதும்; எதைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, மறுப்பு. யார் மறுக்கலாம், எத்தனை நாளில், எந்தக் காரணத்துக்காக என்று எழுதாவிட்டால் பதிலே வராது. வராத பதிலை எதிர்த்து எங்கும் போக முடியாது. பிரிட்டனின் 2013 சட்டம் அந்நாட்டு நாடாளுமன்ற உளவுத்துறைக் கண்காணிப்புக் குழுவின் அதிகாரத்தைக் கேட்டுப்பெறும் நிலையிலிருந்து கட்டாயப்படுத்தும் நிலைக்கு உயர்த்தியது. ஆனால் அமைச்சரின் தடை உரிமை அப்படியே தங்கியது. கைதிகள் கொடுமைப்படுத்தப்பட்ட விவகாரத்தை ஆராய்ந்த அந்தக் குழு, தேவையான அதிகாரிகளை விசாரிக்க அனுமதி கிடைக்காததால், அதற்குமேல் போக முடியாது என்று 2018-ல் விசாரணையையே முடித்துக்கொண்டது. மறுப்பை அமைச்சர் தாமே கையெழுத்திட்டு 15 நாளுக்குள் தர வேண்டும்; தகவலாளியின் அடையாளம் போன்ற இரண்டு மூன்று காரணங்களே செல்லும்; மறுத்த எண்ணிக்கை ஆண்டறிக்கையில் வரும். இந்த மூன்றையும் சேர்த்தால் மறுப்புகள் குறையும். பெயர்களை மறைத்துக் கோப்பை அங்கேயே வைத்துப் படிக்கும் உரிமையையும் மாற்றாக வையுங்கள்.

கனடா சட்டத்தில் பார்த்த "நடப்பு நடவடிக்கை" என்ற விதிவிலக்கும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பயங்கரவாதத் தடுப்பில் ஒரு தகவலாளியின் கோப்பு பதினைந்து ஆண்டானாலும் மூடப்படாது. அதுவரை எல்லாமே நடப்புதான். ஆறு மாதம் கடந்த நடவடிக்கை எதுவும் குழுவின் பார்வைக்கு உரியது, மறைக்க விரும்பினால் அமைச்சர் காரணத்தை நிறுவ வேண்டும் என்று சுமையைத் திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது, அழிப்பு. ஜெர்மனியில் 2000-க்கும் 2007-க்கும் இடையே பத்துப் பேரைக் கொன்ற நவநாஜிக் கும்பல் 2011 நவம்பர் 4 அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே வாரத்தில், நவம்பர் 11 அன்று, உள்நாட்டு உளவுத்துறையின் தலைமையகத்தில் அந்த வட்டாரத் தகவலாளிகள் பற்றிய கோப்புகள் கிழிப்பு இயந்திரத்துக்குள் போயின. நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைந்ததே 2012 ஜனவரியில். கோப்புகள் அழிந்த செய்தி வெளிவந்ததும் அமைப்பின் தலைவர் பதவி விலகினார். போன கோப்புகளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? தாக்குதல் நடந்த அந்த நிமிடத்திலேயே, எவருடைய கடிதத்துக்கும் காத்திராமல், தொடர்புள்ள எல்லா அழிப்பும் தானாக நிற்கும் என்று சட்டம் சொல்ல வேண்டும். வழக்கமான அழிப்பு அட்டவணையைச் சாக்காகச் சொல்ல இடம் வைக்கக் கூடாது. மீறினால் துறை நடவடிக்கை போதாது, அது குற்றமாக வேண்டும்.

நான்காவதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை: ஆவணம் யாருடைய கணினியில் இருக்கிறது? அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. சந்தேக நபர்களைக் காவலில் வைத்து விசாரித்த திட்டத்தை 2009 முதல் ஆராய்ந்த செனட் குழுவினர், சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த கட்டடத்தில், அது அமைத்துக் கொடுத்த கணினிகளில்தான் உட்கார்ந்து படித்தார்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். 2010 பிப்ரவரியில் சுமார் 870 ஆவணங்களும் மே மாதத்தில் மேலும் சுமார் 50-ம் அந்தக் கணினிகளிலிருந்து காணாமல்போயின என்று குழுத் தலைவர் 2014 மார்ச்சில் அவையிலேயே சொன்னார். குழுவின் பகுதிக்குள் தம் ஊழியர்கள் நுழைந்ததற்காக சி.ஐ.ஏ. இயக்குநர் அதே ஆண்டு ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். சேவையகம் நாடாளுமன்றத்தின் சொத்தாக, நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஆவணமும் வந்து சேரும்போதே எண் பெறட்டும். பதிவேடு இரண்டு பிரதி. குழுத் தலைவரின் கையெழுத்தில்லாமல் எதையும் திரும்ப எடுக்க முடியாது. யார், எப்போது நுழைந்தார் என்ற கணினிப் பதிவு நாடாளுமன்றத்திடமே இருக்க வேண்டும்.

ஊழியர் இல்லாத உறுப்பினர்

2003 ஜூலை 17 அன்று செனட் புலனாய்வுக் குழுவின் எதிர்க்கட்சித் துணைத்தலைவர் ராக்ஃபெல்லர், துணை அதிபர் சேனிக்குக் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். ரகசிய ஒட்டுக்கேட்புத் திட்டம் பற்றி அவரிடம் சொல்லியிருந்தார்கள், ஊழியரையோ வழக்கறிஞரையோ கலந்துபேச அனுமதி தரவில்லை. தாம் தொழில்நுட்பரும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல, இதை மதிப்பிடவே முடியவில்லை என்று எழுதி, ஒரு பிரதியை முத்திரையிட்டுக் குழுவின் பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. உறுப்பினர் எதைப் பார்க்கலாமோ, அதைப் பாதுகாப்புச் சான்று பெற்ற ஓர் ஊழியராவது உடனிருந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள். சட்டம், தொலைத்தொடர்பு, கணக்கு, காவல் புலனாய்வு நான்கிலும் ஆள் வேண்டும். உளவுத்துறையிலிருந்து அயற்பணியில் வந்து அங்கேயே திரும்பப் போகிறவர் வேண்டாம்.

அமைச்சர் உறுப்பினராவது

கூடாது.

தொடக்கத் தேதியும் வெளியீட்டுத் தேதியும் எழுதாமல் விடுவது

ரஷ்யா பற்றிய பிரிட்டன் குழுவின் அறிக்கை 2019 அக்டோபர் 17 அன்று பிரதமரிடம் போனது. 2020 ஜூலை 21 அன்றுதான் வெளிவந்தது. இடையில் டிசம்பரில் தேர்தல் நடந்தது, புதிய குழு ஜூலை வரை அமையவில்லை. தேர்தலுக்குப் பின் அவை கூடிய 30 நாளில் குழு அமைய வேண்டும். கொடுத்த அறிக்கைக்கு 60 நாளில் ரகசியப் பகுதிகளை நீக்கச் சொல்லும் கோரிக்கை வராவிட்டால் அது வெளியாகும். இரண்டு வரி போதும். தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஜூலையில் ஆளுங்கட்சி எதிர்பார்த்தவர் தோற்று, அதே கட்சியின் இன்னொருவர் ஒன்பது பேர் குழுவின் தலைவரானார். கட்சி அவரைத் தன் நாடாளுமன்ற அணியிலிருந்தே விலக்கியது. ஆனாலும் தலைவர் பதவி அவரிடமே இருந்தது, காரணம் தலைவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள்தான் என்பது விதி.

குறுகிய பதவிக்காலம்

அமெரிக்க செனட் 8 ஆண்டு வரம்பு வைத்திருந்து, 2004-ல் கைவிட்டது. கோப்பு படிக்கக் கற்கவே முதல் இரண்டு ஆண்டு போய்விடும்.

தற்காலிகக் குழுவின் பெட்டிகள்

1975 ஜனவரியில் 82-க்கு 4 என்ற வாக்கில் அமைந்த, செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் உளவுத்துறை அத்துமீறல்களை விசாரித்த செனட்டின் சர்ச் குழு தற்காலிகமானது. நிரந்தரக் குழு 1976 மே மாதம் வந்தது. தற்காலிகமாகத் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் குழு கலையும் நாளில் வாக்குமூலங்களும் குறிப்புகளும் யாரிடம் போகும் என்பதைத் தொடக்கத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், அவற்றைத் தந்த அமைப்பே லாரி அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளும்.