தண்ணீர் ஊறும் ஊரில் ரோமானியக் கோயிலைத் தோண்டும் முறை

பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கம் கேரளத்து எய்யாலிலும் அந்தப் பக்கம் கோவை அருகே வெள்ளலூரிலும் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. ரோமானிய உலகத்துச் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் வரைபடத்தில், பழைய சேரத் துறைமுகமான முசிறிக்குப் பக்கத்தில் 'அகஸ்டஸ் கோயில்' என்று ஒரு கட்டடமே வரைந்திருக்கிறது. முசிறி இருந்த இடம் என்று கருதப்படும், பரவூர் அருகே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டியும் அந்தக் கோயில் இன்னும் தட்டுப்படவில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து குழி வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சிலை வருமா?" என்றுதான். கோயிலைக் காட்டிக் கொடுப்பது சிலை அல்ல, தரை. தரையை விட்டுவிட்டுச் சுவரைத் துரத்தினால் கையில் மிஞ்சுவது கல் மட்டும்தான்.

லண்டனில் நடந்தது இதற்கு நல்ல பாடம். போரில் குண்டு விழுந்த மனை ஒன்றில், வால்புரூக் ஓடைக்கரையில், தொல்லியலாளர் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் தலைமையில் தோண்டினார்கள். 1954 செப்டம்பர் 18 அன்று ரோமானியர் வழிபட்ட மித்ராஸ் தெய்வத்தின் சலவைக்கல் தலை வெளியே வந்தது. பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். கோயில் கி.பி. 240 வாக்கில் கட்டியது, நீளம் சுமார் 18 மீட்டர், அகலம் 8. நடுவில் பள்ளமான நடை, இருபுறமும் திண்ணை, மேற்குக் கோடியில் அரைவட்ட மாடம். ஈரம் ஏற ஏற உள்தரையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியிருந்தார்கள். ஆனால் 1962-ல் கற்களை வேறிடத்தில் தெருமட்டத்தில் அடுக்கியபோது சிமெண்டைப் பூசி, மண்தரை இருந்த இடத்தில் உடைகல் பாவிவிட்டார்கள். 2017-ல்தான் கோயில் தெருவுக்கு 7 மீட்டர் கீழே, பழைய இடத்துக்குத் திரும்பியது. அதற்கு முன் அதே மனையில் நடந்த அகழாய்வில் ஓடைச் சேற்றிலிருந்து 405 மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன, ஒன்றில் கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதியே இருக்கிறது. காற்றுப் புகாத ஈரச்சேறு இரண்டாயிரம் வருஷம் மரத்தைக் காப்பாற்றும். வெளியே எடுத்த மரம் ஒரு மதிய வெயிலில் வெடித்துவிடும்.

உரிமம் இல்லாமல் கொத்துக்கரண்டியைத் தொடவே கூடாது. தொல்லியல் துறை அனுமதி கையில் வந்தபிறகும் நாள் பார்க்க வேண்டும். இடவப்பாதிக்கும் (தென்மேற்குப் பருவமழை) துலாவர்ஷத்துக்கும் (வடகிழக்குப் பருவமழை) நடுவில் கிடைக்கும் இடைவெளியை நம்பாதீர்கள். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் மூடுவது உத்தமம். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்.

குழி 4-க்கு 4 மீட்டர் போதும். இரண்டு குழிக்கு நடுவே அரை மீட்டர் தடுப்பு மண்ணை வெட்டாமல் விடுங்கள். அடுக்குகளைப் படிக்கும் புத்தகம் அதுதான். அதன்மேல் நடக்கவோ மண் சட்டியை வைக்கவோ கூடாது. ஆழத்தை அளக்க அடிப்படையான மட்டக்குறி குழிக்கு வெளியே, அசையாத கான்கிரீட்டில் இருக்கட்டும். தென்னை மரத்தில் ஆணி அடித்து மட்டம் வைத்தால், காற்றில் மரம் ஆடும்போது மட்டமும் ஆடும். 1.2 மீட்டருக்குக் கீழே போனால் சுவரைப் படியாக வெட்டுங்கள், இல்லையென்றால் பலகை முட்டுக் கொடுங்கள். மணற்பாங்கான கடலோர மண் எச்சரிக்காமல் சரியும்.

தண்ணீருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். குழியின் மூலையில், தடுப்பிலிருந்து தள்ளி, 60 செ.மீ. ஆழத்தில் ஒரு சிறு ஊற்றுக்குழி வெட்டுங்கள். அதுவும் அகழாய்வுதான், அதன் மண்ணுக்கும் எண் உண்டு. துளையிட்ட பிளாஸ்டிக் வாளியை உள்ளே இறக்கி, சுற்றிலும் சரளை போட்டு, பம்பின் உறிஞ்சு குழாயை வாளிக்குள் விடுங்கள். வாளி இல்லாமல் பம்பைப் போட்டால் தண்ணீரோடு நைஸ் மணலும் போகும், தடுப்பு அடியில் குடைந்து மறுநாள் காலை விழுந்து கிடக்கும். முழுக்க வற்றவைக்கவும் வேண்டாம். மரம் இருக்கும் அடுக்கு எப்போதும் ஈரச்சாக்கின் அடியில் இருக்கட்டும்.

தோண்டும் விதி ஒன்றே: கடைசியாக வந்த மண் முதலில் வெளியே போக வேண்டும். ஊர் நடுவே தோண்டும்போது முதல் ஒரு மீட்டர் முழுக்கக் குழப்பம்தான். தென்னங்குழி, கக்கூஸ் குழி, செங்கல்லுக்காகப் பழைய சுவரைப் பெயர்த்த பள்ளம். கொத்துக்கரண்டியால் தரையை ஒரே திசையில் சுரண்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் பாருங்கள். நிறம் மாறும் கோடு தெரிந்தால் அது குழியின் விளிம்பு. பள்ளத்துக்கு ஓர் எண், அதை நிரப்பிய மண்ணுக்கு வேறு எண். நிரப்பு மண்ணை முழுசாக எடுத்தபிறகுதான் பக்கத்துத் தரையில் கை வைக்க வேண்டும். இதைக் கலந்துவிட்டால் போன வருஷத்துச் சோடா மூடி ரோமானியத் தரையில் போய் உட்கார்ந்துவிடும். கிடைமட்டப் படம் 1:20, தடுப்புச் சுவரின் வெட்டுத்தோற்றம் 1:10. படம் முடியாமல் கீழே போகாதீர்கள். புகைப்படம் படத்துக்கு மாற்று ஆகாது.

தரை வந்துவிட்டதா என்பது காலில் தெரியும். மிதிபட்டு இறுகிய மண்ணில் கொத்துக்கரண்டி தேய்ந்து 'கிரீச்' என்னும். மேல் மண் செதிலாகப் பெயரும். அந்த இடத்தில் வேகத்தை நிறுத்துங்கள். தரையை 50 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பை என்று மண் எடுங்கள். மற்ற நல்ல அடுக்குகளில் 20 முதல் 40 லிட்டர் போதும். நீரில் மிதக்கவிட்டு 0.3 மி.மீ. வலையில் பிடித்தால் கரியும் விதையும் நிற்கும், மீன் எலும்பு பெரும்பாலும் அடியில் தங்கும் கசடில் கிடைக்கும். மித்ராஸ் கோயில்களில் விருந்து முக்கியம். பெல்ஜியத்தின் டீனன் நகரில் ஒரே விருந்தில் தின்ற நூற்றுக்கணக்கான சேவல்களின் எலும்பு குழிகளில் கிடைத்தது. நம் முனியப்பன் கோயில் பின்புறத்தைத் தோண்டினாலும் ஏறக்குறைய இதே கதைதான் வரும். திண்ணைமேல் சுத்தம், நடையில் எலும்புத் துணுக்கு, மாடத்தருகே கரியும் விளக்கு ஓடும் என்று கிடந்தால், பெயர் பொறித்த கல் இல்லாவிட்டாலும் வழிபாடு நடந்த இடமா என்று தாராளமாகக் கேட்கலாம். எலும்பு மட்டும் இருந்தால் சமையற்கட்டாகவும் இருக்கலாம்.

பானை ஓட்டில் ஏமாறுவது சகஜம். இத்தாலியின் கம்பானியா வட்டாரத்து ஆம்போரா (இரு கைப்பிடி ஜாடி) ஓட்டை உடைத்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எரிமலை மணலின் கறுப்புத் துகள் மினுங்கும். உள்பக்கம் கெட்டியாகக் கறுப்புத் தார் பூசியிருக்கும் டார்பிடோ ஜாடி ரோமானியச் சரக்கல்ல, மெசபடோமியாப் பக்கத்தது. பட்டணத்தில் இரண்டுமே கிடைக்கின்றன; ஒரே பையில் போடாதீர்கள்.

காசையும் இரும்பையும் கழுவாதீர்கள், உலர்வாக, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். சிலைக்கல்லைத் தேய்த்தால் சாயத் தடயம் போய்விடும். மரத்தைச் சேற்றோடு பாலிதீனில் சுற்றித் தண்ணீரில் வைத்து, பழம்பொருளைக் கெடாமல் காக்கும் பராமரிப்பாளரிடம் அன்றே கொடுங்கள். கரித்துண்டைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள். சீட்டு பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று, பென்சிலில் பிளாஸ்டிக் அட்டையில். காகிதச் சீட்டைக் கரையான் ஒரு மழைக்காலத்திலேயே தின்றுவிடும், எண் போன ஓடு வெறும் ஓடு.

மூடுவதும் வேலைதான். தரைமேல் நெய்யாத துணி விரித்து, ஆற்றுமணல் 20 செ.மீ. போட்டு, அதன்மேல் பழைய மண்ணை அடுக்கடுக்காகத் தட்டுங்கள். துணியின் மேல் அந்த வருஷத்து அஞ்சு ரூபாய்க் காசு ஒன்றைப் போட்டுவிடுங்கள். அடுத்து தோண்டுகிறவர் அதைப் பார்த்ததும் நம் குழியின் அடி எது என்று தெரிந்துகொள்வார்.