காலை மீட்டிங்கில் ரெண்டு நிமிடம் இழுக்காமல் பேசுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுக்கும் வேலை) இருக்கிறேன். தினமும் காலையில் ரிவ்யூ மீட்டிங் உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று ரெண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். ரொம்ப நாள் அந்த ரெண்டு நிமிடம் எனக்கு ஐந்தாகும், கடைசியில் எம்.டி. "சரி, இப்ப என்னதான் பண்ணணுங்கறீங்க?" என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. அதற்கு நான் செய்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், சிரித்த முகமாக இருங்கள் போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

தேவையானவை

ஒரு போன், ஒரு தாள், ஒரு பேனா. போனோடு வரும் வாய்ஸ் ரெக்கார்டரே போதும். பேச்சுக்கு மதிப்பெண் போடும் செயலிகள் சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். அவை ஆங்கிலத்தின் "அம்", "ஆ" எல்லாம் எண்ணின, நம்முடைய "வந்து"வைக் கண்டுகொள்ளவே இல்லை. வீடியோவும் ஆரம்பத்தில் வேண்டாம். முடி, சட்டை, முகம் என்று கவனம் போய்விடும்.

இந்த இடத்தில் யாராவது "பேச்சில் சொற்களுக்கு வெறும் 7 சதவீதம்தான், மிச்சம் 93 குரலும் உடல்மொழியும்" என்பார்கள். பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் ஸ்லைடு இது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள். அவர் பார்த்தது, ஒருவர் சொல்லும் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதைக் கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதை. ஷிப்மென்ட் தேதியை முகபாவத்தில் சொல்ல முடியாது. சொற்களைத்தான் சரிசெய்ய வேண்டும்.

படி 1: கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்

நேற்று நடந்த உங்கள் வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு" மாதிரித் தலைப்பெல்லாம் மீட்டிங்கில் உதவாது. பேசி முடித்ததும் எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? அதை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால், என்ன கேட்கப் போகிறோம் என்று நமக்கே இன்னும் தெரியவில்லை.

நான் முன்பு பேசிய விதம் (லேப் டிப் என்பது, நிறம் சரியா என்று பையர் பார்த்துச் சொல்ல சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரி):

"சார், அந்த நேவி ப்ளூ ஆர்டர் இருக்குதுங்கல்ல, அதுல வந்து, லேப் டிப் போன வாரமே அனுப்பிட்டு, அப்புறம் டையிங்ல கேட்டுட்டு, அவங்க வந்து, மெஷின் ஃபுல்லுன்னு சொல்லிட்டு, ஆக்சுவலா பையர்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்து..."

இப்போது:

"சார், நேவி ப்ளூ ஆர்டர் கட்டிங் மூணு நாள் தள்ளிப் போகுதுங்க. ஷேடு சரியில்லைன்னு பையர் லேப் டிப்பைத் திருப்பிட்டாங்க. புது டிப் நாளைக்குச் சாயங்காலம் வரும். நீங்க இன்னிக்கு டையிங் மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசினா காலையிலயே வாங்கிடலாங்க."

நாலே வாக்கியம். நான்காவதைத்தான் முதலில் எழுதினேன். அது தாளில் இருந்தால், மேலே வரும் மூன்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். மெஷின் ஃபுல் என்ற கதைக்கு இதில் வேலையே இல்லை.

படி 2: பதிவு செய்யுங்கள்

போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு ரெண்டு நிமிடம் பேசுங்கள். தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. கடைசி வாக்கியம் மட்டும் கண்ணில் படலாம்.

ரெண்டு நிமிடம் என்பது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. 1924-ல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி கிளப்புகளில், தயாரிப்பில்லாமல் பேசும் சுற்று ஒன்று உண்டு. ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், ரெண்டில் சிவப்பு காட்டுவார்கள். பக்கத்தில் கிளப் இருந்தால் ஒருமுறை விருந்தினராகப் போய்ப் பாருங்கள். தமிழிலேயே நடப்பவையும் இருக்கின்றன.

படி 3: கேளுங்கள் (பலரும் விட்டுவிடும் இடம்)

நானும் இங்கேதான் ரொம்ப நாள் நின்றுபோனேன். பதிவைப் போட்டதும் "இதுவா என் குரல்?" என்று கூச்சமாகி நிறுத்திவிடத் தோன்றும். காரணம் எளிதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பின் அதிர்வு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு வழி வருவதில் கனமான ஓசை கூடுதல். பதிவில் காற்று வழி வந்தது மட்டும் இருப்பதால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான். அவர்களுக்கு அது புதிதே இல்லை.

ஆனால் காரணம் தெரிந்தால் மட்டும் கூச்சம் போகாது. எனக்கு உதவியது இதுதான்: அன்றே கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். கையில் தாள் இருக்க வேண்டும். முதல் தடவை கேட்கும்போது பொருளைக் கவனிக்கவே வேண்டாம். ஒவ்வொரு "வந்து"வுக்கும், "ஆக்சுவலா"வுக்கும், "அது என்னன்னா"வுக்கும் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் குறுக்கே ஒன்று. எண்ணுகிற வேலை கைக்கு வந்துவிட்டால் குரல் காதில் உறைக்காது. ரெண்டாவது தடவைதான் என்ன பேசினோம் என்று கேட்க வேண்டும். வேகத்தைக் கூட்டிக் கேட்டால் பாதி "வந்து" காதில் விழாது, சாதாரண வேகமே சரி.

படி 4: "வந்து" இருந்த இடத்தில் வாயை மூடுங்கள்

இழுவைச் சொற்கள் பாவம் ஒன்றும் இல்லை. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுபவர்கள் சின்னத் தாமதத்துக்கு "அஹ்", பெரிய தாமதத்துக்கு "அம்" என்று பிரித்தே பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினார்கள். "கொஞ்சம் பொறுங்க, வந்துட்டேன்" என்று கேட்பவருக்குத் தரும் தகவல் அது. நாமும் அதற்குத்தான் "வந்து" போடுகிறோம். நிறுத்தினால் பக்கத்து டிபார்ட்மென்ட்காரர் உள்ளே புகுந்துவிடுவாரோ என்ற பயம்.

இந்தப் பயத்துக்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். "பையர் லேப் டிப்பை..." என்று நிறுத்திப் பாருங்கள். அப்ரூவ் பண்ணினாரா, திருப்பினாரா என்று தெரியாததால் எல்லோரும் காத்திருப்பார்கள். அங்கே தைரியமாக ஒரு மூச்சு விடலாம். "திருப்பிட்டாங்க" என்று முடித்துவிட்டு நிறுத்தினால் யாரும் புகுந்துவிடலாம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் வினைக்கு முன்னால் நில்லுங்கள். முடிவு கேட்டபின் பேச்சை அவர்களிடம் விட வேண்டும் என்றால் மட்டும் வினைக்குப் பின்னால்.

இதே இலக்கணம் நம்மைக் கவிழ்ப்பதும் உண்டு. முற்று வராதவரை "அனுப்பிட்டு, கேட்டுட்டு, சொல்லிட்டு" என்று எச்சங்களை ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகலாம். மேலே உள்ள என் பழைய பேச்சில், தொடக்கத்து "இருக்குதுங்கல்ல"வை விட்டால், நான் முடித்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை, பாருங்கள். ஒரு வாக்கியத்தில் ரெண்டு எச்சத்துக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வந்தால் அதை முற்றாக்கி முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்குங்கள். பல நாள் பதிவில் நான் எண்ணியது இதை மட்டும்தான். இது குறைந்தபோது "வந்து"வும் கூடவே குறைந்துவிட்டது.

படி 5: மீட்டிங்கில்

முடிந்தால் முதல் ஆளாகப் பேசக் கேளுங்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பதற்றம் ஏறும். எண்களில் மட்டும் கவனம்: "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" ரெண்டும் போனிலும் மெஷின் சத்தத்திலும் ஒன்றாகவே கேட்கும். "பதினஞ்சு", "அம்பது" என்றால் அந்த வம்பு இல்லை.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

*வீட்டில் தனியாகப் பேசினால் எல்லோரும் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.* ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுப் போனைக் காதில் வைத்தபடி மொட்டை மாடியில் நடங்கள். யாரிடமோ பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

*முதல் வாக்கியத்திலேயே மேனேஜர் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறார்.* நல்லதுதான். "தள்ளிப் போகுதுங்க" என்றதும் "ஏன்?" என்று கேட்டால் ரெண்டாவது வாக்கியத்தை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம். பதில் சொல்லிவிட்டு நேரே கடைசி வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம்.

*எங்கள் ஆபீசில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும்.* இதைப் பல பேர் கேட்டுவிட்டார்கள். முதலில் தமிழில் பதிவு செய்து வரிசையைச் சரிசெய்யுங்கள். அப்புறம் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் பதிவு செய்யுங்கள். ஷேடு, கட்டிங், ஷிப்மென்ட் எல்லாம் ஏற்கெனவே ஆங்கிலம்தான், மாற்ற வேண்டியது வினைச்சொற்களை மட்டும். அவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படி 4-ல் சொன்ன வினைக்கு முன் நிற்கும் உத்தி அங்கே அவ்வளவாக எடுபடாது, ஆங்கிலத்தில் வினை சீக்கிரமே வந்துவிடும். அங்கே "பிகாஸ்" அல்லது "ஸோ" சொன்ன கையோடு நிறுத்துங்கள், காரணம் வரும்வரை காத்திருப்பார்கள்.