காலைச் சுகர் ஏறினால் பிள்ளையைச் சந்தேகிக்காதீர்கள்

இரவு படுக்கும்போது 130. காலை ஆறு மணிக்கு ஊசி குத்திப் பார்த்தால் 260. "ராத்திரி எந்திரிச்சு என்னடி தின்ன?" என்று டைப் ஒன் சர்க்கரை நோய் (கணையம் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை) உள்ள என் பதின்மூன்று வயது மகளிடம் கேட்டேன். பிஸ்கட்டை எண்ணிப் பார்த்தேன், அலமாரியைப் பூட்டினேன். அவள் ஒன்றும் தின்னவில்லை. நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான்.

ஆழ்ந்த தூக்கத்தில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. பருவ வயதில் அது மிக அதிகம். அந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. கல்லீரலும் சர்க்கரையைக் கூடுதலாக இறக்கும். மற்றப் பிள்ளைகளுக்குக் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரந்து சரிக்கட்டிவிடும். நம் பிள்ளைக்கு அதற்கு வழியில்லை, அதனால் விடியும் நேரத்தில் சுகர் ஏறுகிறது. பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள இந்த உறவைக் கண்டறிந்ததற்குத்தான் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே 1947-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, காலை எண்ணைப் பார்த்த கையோடு இரவு இன்சுலின் ஊசியைக் கூட்டிவிடலாமா? கூடாது. இரண்டு மூன்று நாள் நடுராத்திரி 3 மணிக்கு அலாரம் வைத்துப் பாருங்கள். சுகரை விடாமல் அளக்கும் சென்சார் உடம்பில் ஒட்டியிருந்தால் அதன் கோடே சொல்லிவிடும். எங்கள் நோட்டில் ஒரு நாள்: படுக்கும்போது 130, 3 மணிக்கு 118, காலை 242. இது விடியற்கால ஏற்றம். 3 மணிக்கே 70-க்குக் கீழே இருந்தால் கதை வேறு. அப்போது இரவு இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து. 3 மணிக்கே ஏறியிருந்தால் இரவுச் சாப்பாட்டையும் அதற்குப் போட்ட ஊசியையும் கவனிக்க வேண்டும். எதுவானாலும் எண்களோடு மருத்துவரிடம் போங்கள்.

"டோஸ் ஏறிக்கிட்டே போகுதே, நோய் முத்திப்போச்சா?" என்று பாட்டிகள் பயப்படுவார்கள். நோய் முற்றவில்லை, பிள்ளை வளர்கிறது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 யூனிட்டுக்குள் இருந்த தேவை, பருவ வயதில் 1.2, சிலருக்கு 2 வரைகூடப் போகும். பயந்துபோய் இன்சுலினைக் குறைத்தால் என்ன ஆகும்? இன்சுலின் போதாதபோது, வளர்ச்சி ஹார்மோனின் சொல்லைக் கேட்டு கல்லீரல் சுரக்க வேண்டிய ஐஜிஎஃப்-1 என்ற, உயரம் கூட உதவும் ஹார்மோன் குறைந்துவிடும். அது குறைந்தால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக வளர்ச்சி ஹார்மோனை விடும், சுகர் இன்னும் ஏறும். உயரமோ கூடாது. சாப்பாட்டைக் குறைத்துச் சுகரை இறக்கப் பார்ப்பதும் வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதுதான்.

வளர்ச்சி முடியும்போது தேவை மறுபடி இறங்கும். அப்போது பழைய டோஸையே போட்டுக்கொண்டிருந்தால் லோ சுகர் வரும்.

அப்புறம் அந்தப் பூட்டு. டோஸ் கூடியிருக்கும் நாட்களில் பிள்ளைக்கு நடுராத்திரியில் சுகர் இறங்கி உடம்பு வேர்த்துக் கை நடுங்கினால், பூட்டிய அலமாரி முன்னால் போய் நிற்குமா? குளுக்கோஸ் டப்பாவும் தண்ணீரும் இப்போது அவள் தலைமாட்டில் இருக்கின்றன.