சரிவான கடலடியில் காணாமல் போன ஒலியாற்றல்

ஆப்பு வடிவக் கடலில் ஒலி மேடேறுவதைப் பரவளையச் சமன்பாட்டு முறையில், அதாவது ஒலிப்புலத்தைத் தொலைவில் படிப்படியாக முன்நகர்த்தும் முறையில், கணித்துக்கொண்டிருந்தேன். 25 ஹெர்ட்ஸ், ஆழம் 200 மீட்டரில் தொடங்கி 4 கிலோமீட்டரில் சுழியம். துறையில் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய சோதனைதான். மேலே போகப்போக ஒலியிழப்பு அந்தச் சோதனையின் விடையைவிடச் சில டெசிபெல் கூடுதலாகவே வந்தது. படிகளை எவ்வளவு பொடியாக்கியும் பயனில்லை, கணினிக்குத்தான் தண்டனை.

நிரல் சரிவைப் படிக்கட்டாக வெட்டி, படிதோறும் அழுத்தத்தை அப்படியே கடத்தியது. நீர் இருந்த இடத்தில் வண்டல் வந்ததும் அடர்த்தி, ஒலிவேகம் இரண்டின் பெருக்கம் 1.7 மடங்காகிறது, அதே அழுத்தம் சுமக்கும் ஆற்றலோ சுருங்கிவிடுகிறது. ஆகவே அழுத்தத்தை அந்தப் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கடத்தி, அடுத்த படியில் அங்குள்ள பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினேன். வண்டலாக மாறிய புள்ளிகளில் மட்டும் அழுத்தம் சுமார் 1.3 மடங்கு உயர்ந்தது, வளைகோடுகள் சோதனை விடையோடு பொருந்தின. இறங்கு சரிவில் இதே கோளாறு ஆற்றலைக் கூட்டிக் காட்டும்.