டர்போல ஆயில் லீக்கா? டர்போவ மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

டீசல் கார்ல நீலப் புகை வந்தாலோ டர்போ (எக்ஸாஸ்ட் புகை வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி தள்ளுற பார்ட்) பக்கம் ஈரமா இருந்தாலோ நெறைய ஒர்க்‌ஷாப்ல எடுத்ததுமே "டர்போ போச்சு சார், மாத்திரலாம்"னு சொல்லிடுவாங்க. ஆனா பல நேரம் டர்போ நல்லாதான் இருக்கும், ஆயில் வேற காரணத்தால வந்துட்டிருக்கும், அந்த காரணத்த சரி பண்ணாம புது டர்போ போட்டா அதுவும் ஒழுகும். அவ்ளோ காசு போட்டு மறுபடியும் அதே புகைய பாக்குறது ரொம்ப கொடுமைங்க.

பெரும்பாலான டர்போ ஷாஃப்ட்ல நாம நெனைக்கிற மாதிரி ரப்பர் ஆயில் சீல் கெடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன மெட்டல் ரிங்குதான் ரெண்டு பக்கமும். ஷாஃப்ட் லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல ஆயில் படலத்துல மிதந்துகிட்டே சுத்துது. மேல மெல்லிசான பைப்ல ஆயில் பிரஷரோட வரும், கீழ தடியான பைப் வழியா தானா வழிஞ்சு சம்புக்கு (எஞ்சின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) எறங்கும். ஷாஃப்ட் முனையில ஃபேன் மாதிரி இருக்குற ரெண்டு வீல் பக்கமும் இருக்குற காத்து பிரஷர்தான் ஆயில உள்ளயே நிறுத்தி வைக்குது. அதனால கீழ எறங்குற வழி அடைச்சாலோ, எஞ்சினுக்குள்ள பேக் கம்ப்ரஷன் (பிஸ்டன் ரிங்க தாண்டி கீழ கசியிற காத்தோட அழுத்தம்) ஏறினாலோ, ஏர் ஃபில்டர் அடைச்சு இன்லெட்ல இழுப்பு ஜாஸ்தியானாலோ, ரிங் நல்லா இருந்தும் ஆயில் வெளிய வந்துரும்.

மொதல்ல டிப்ஸ்டிக், அதான் ஆயில் அளவு பாக்குற குச்சி. லெவல் மேக்ஸ் கோட்டுக்கு மேல இருக்கான்னு பாருங்க, டிபிஎஃப் (சைலன்சர்ல புகைக்கரிய பிடிக்கிற ஃபில்டர்) இருக்குற வண்டின்னா டீசல் ஆயில்ல கலந்து லெவல் ஏறியிருக்கலாம். ஏர் ஃபில்டரையும் கழட்டி பாத்துருங்க.

அப்புறம் வெளிப்பக்கம். எஞ்சின் நல்லா ஆறட்டும், பிரேக் கிளீனர் அடிச்சு பனியன் வேஸ்ட்ல சுத்தமா தொடச்சு காய விட்டு, வண்டிய கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சு மேல இருந்து கீழ பாருங்க, ஏன்னா ஆயில் கீழதான் வழியும், டேப்பட் கவர் கேஸ்கெட்ல ஒழுகுறது டர்போ மேல விழுந்து பழி டர்போ மேல போறது ரொம்ப சகஜம். மேல ஆயில் கொண்டு வர்ற ஃபீட் பைப்ப மாட்டுற பேன்ஜோ போல்ட்ல (நடுவுல ஓட்டை இருக்குற போல்ட்) இருக்குற காப்பர் வாஷர், கீழ டிரெயின் பைப் கேஸ்கெட், இந்த ரெண்டு எடத்துல லீக்னா சின்ன செலவுல முடிஞ்சுரும்.

இப்ப முக்கியமான டெஸ்ட். டர்போவுக்கு உள்ள காத்து போற ஹோஸ கழட்டி கம்ப்ரஸர் வீலுக்கு (காத்த உள்ள இழுக்குற பக்கத்து வீல்) முன்னாடி விரல விட்டு தொட்டு பாருங்க. அங்கயே ஆயில் சொதசொதன்னு இருந்தா அது பெரும்பாலும் பிரீதர் பைப்ல (எஞ்சின் உள்ள சேர்ற காத்த வெளியேத்துற பைப்) இருந்து வருது, டர்போல இருந்து இல்ல. முன்னாடி காஞ்சு கெடந்து, இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளுற சூடான காத்த குளிர வைக்கிற பார்ட்) போற பக்கம் மட்டும் ஆயில் தேங்கி நின்னாதான் டர்போ மேல சந்தேகப்படணும். ஹோஸ் உள்ள லேசா எண்ணெய்ப்பசை இருக்குறது நார்மல், அதுக்கு பயப்படாதீங்க. சைலன்சர் பக்கமும் இதே கணக்குதான்: டவுன் பைப்ப (டர்போவுல இருந்து சைலன்சருக்கு போற பைப்) எறக்கி பாத்தா அது ஈரமா இருக்கு ஆனா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு காஞ்சிருக்குன்னா டர்போ, மேனிஃபோல்டே ஈரம்னா எஞ்சின்தான் ஆயில் குடிக்குது, எஞ்சினோட பிஸ்டன் ரிங், வால்வ் பக்கம் பாக்கணும்.

கம்ப்ரஸர் வீல கையால ஆட்டி பாருங்க. பக்கவாட்டுல லேசா ஆடுறது ஆயில் படலத்துக்கான இடைவெளி, அது இருக்கத்தான் செய்யும். ஆனா முன்ன பின்ன இழுத்தா தெளிவா தெரியிற அளவு பிளே இருந்தாலோ வீல் ஹவுசிங்ல உரசின தடம் இருந்தாலோ அந்த டர்போ முடிஞ்சுது.

பேக் கம்ப்ரஷனுக்கு, ஐடிலிங்ல ஆயில் மூடிய தெறந்து பாருங்க, புகை குபுகுபுன்னு தள்ளிகிட்டு வந்தா மொதல்ல பிரீதர் அடைச்சிருக்கான்னு பாத்து, அது சரின்னா கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க.

ஒரு எச்சரிக்கைய மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. இன்லெட் பக்கம் ஆயில் நெறைய போனா டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிச்சு, சாவிய ஆஃப் பண்ணியும் நிக்காம தானா ரேஸ் ஆகும். மேனுவல் வண்டின்னா பிரேக்க முழுசா மிதிச்சு, டாப் கியர் போட்டு, கிளட்ச்ச விட்டு ஆஃப் பண்ணணும். இன்லெட்ட கைய வெச்சு அடைக்கவே கூடாது. புகை பயங்கரமா வர்ற வண்டிய ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டிட்டு போகாதீங்க, டோ பண்ணிடுங்க.

கடைசியில மாத்தத்தான் வேணும்னா ஃபீட் பைப்பையும் புதுசா போட சொல்லுங்க, பழசுல கரி அடைச்சிருக்கும். கேஸ்கெட் எடத்துல சிலிகான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அது பிதுங்கி ஆயில் வழிய அடைச்சுரும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டர்போ உள்ள புது ஆயில் ஊத்தி வீல கையால சுத்தி விடணும். இன்டர்கூலர கழட்டி தேங்கின ஆயில வடிச்சு கிளீன் பண்ணியே ஆகணும். சைலன்சர்ல ஊறின ஆயில் எரிஞ்சு தீர்ற வரைக்கும் கொஞ்ச நாள் புகை வரும், அதுக்குள்ள ரிப்பேர் சரியில்லன்னு முடிவு பண்ணாம டிப்ஸ்டிக் லெவல் எறங்குதான்னு பாத்துட்டு வாங்க.