செயற்கைக் குரலுக்கும் சம்மதம் வாங்குங்கள்

குறும்படத்துக்கோ ஒலிப்புத்தகத்துக்கோ ஒருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவு மூலம் உருவாக்கப் போகிறீர்களா? முதலில் அவரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது. எந்தப் படைப்புக்கு, எத்தனை நிமிடம், எவ்வளவு தொகை, வேலை முடிந்ததும் குரல் மாதிரி அழிக்கப்படுமா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். மாதிரி கணினியில் கிடக்கும்வரை அந்தக் குரலை யாரும் எதையும் பேசவைக்கலாம்.

மறைந்தவர் என்றால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024இல் ஒரு திரைப்பாடலில் இப்படிப் பயன்படுத்திய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தினரின் அனுமதி பெற்று உரிய ஊதியமும் அளித்ததாகத் தெரிவித்தார். அவ்வளவு பெரிய இசையமைப்பாளரே கேட்டுத்தான் செய்திருக்கிறார்! கையில் பணம் இல்லை என்பது கேட்காமல் எடுப்பதற்குக் காரணமாகாது. குரல் ஒரு கலைஞரின் பிழைப்பு, பல வருடச் சாதகத்தில் விளைந்தது.

பெயர்ப் பட்டியலில் அவர் பெயரோடு, குரல் செயற்கையாக உருவாக்கப்பட்டது என்பதையும் போடுங்கள். யூடியூபில் ஏற்றும்போது அதைத் தெரிவிப்பதற்கென்றே இருக்கும் பகுதியிலும் மறக்காமல் 'ஆம்' என்று குறியுங்கள்.