கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டு

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தாலும் ஆபீஸில் பாதியில் விட்ட வேலையே மண்டைக்குள் ஓடுகிறதா? உடம்பு சோபாவில், மனசு ஆபீஸில் என்றால் அது ஓய்வுக் கணக்கில் சேராது. ஜெர்மன் உளவியலாளர் சபீனே சொன்னென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட, ஓய்வை அளக்கும் கேள்விப் பட்டியலில், வேலையிலிருந்து மனம் விலகுவதையே ஓய்வின் ஒரு தனிக் கூறாக வைத்தார்.

விலகுவது எப்படி? பிராண்டன் ஸ்மிட் என்ற ஆய்வாளரின் 2016 ஆய்வு காட்டிய வழி எளிது: முடியாத வேலையை எங்கே, எப்போது, எப்படி முடிப்போம் என்று எழுதிவிடுவது. வேலையில் ரொம்பவே ஊறிப்போனவர்களுக்குத்தான் இது நன்றாகக் கைகொடுத்தது.

கிளம்ப 10 நிமிடம் இருக்கும்போது எழுதுங்கள். மனதை அரிக்கும் 2, 3 வேலை போதும். எல்லாவற்றையும் எழுதினால் பட்டியலே பாரமாகிவிடும். ‘ஜிஎஸ்டி பாக்கி’ என்று மொட்டையாக எழுதிப் பயனில்லை. ‘நாளை 9.45, என் சீட்டில், மார்ச் பில் 14-லிருந்து தொடங்கணும். தொகை இடித்தால் ஸ்டோர்ஸுக்கு போன்’ என்று எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்பது தெரிந்தால்தான் மனசு பிடியை விடும்.

போனில் எழுத வேண்டாம். வீட்டில் அதைத் திறந்தால் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பும் கூடவே வந்து நிற்கும். காகிதத்தில் எழுதி, கீபோர்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருந்தால் மட்டும் இந்தச் சீட்டு உதவாது. அதை மேனேஜரிடம்தான் பேச வேண்டும்.